ஒரு வேளை கறிக்குப் புள்ளி மூன்று

ஜீரோவுக்கு அருவருப்பு சீக்கிரம் வந்துவிடும். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டார். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். ஆனால் வாய்த்த பிழைப்போ ஊர் அழுக்கையெல்லாம் கையால் அள்ளுகிற பிழைப்பு. தராசு ரிப்பேர். மீன் கடை, கறிக்கடை, காய்கறி மார்க்கெட், பழைய இரும்புக் கடை என்று எங்கே எடை போடுகிறார்களோ அங்கெல்லாம் அவர் போயாக வேண்டும். தராசுத் தட்டைத் தூக்கினால் அடியில் என்ன இருக்கும் என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். செதில், காய்ந்த ரத்தம், முடி, கரப்பான் முட்டை, இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவைத்திருக்கும் மஞ்சள் கொழுப்பு. உறை மாட்டிய கையால் சுரண்டுவார், சுரண்டும்போதே கடைக்காரரை நாலு வார்த்தை திட்டுவார்.

வேலை முடிந்ததும் கடைக்காரரைக் கூப்பிட்டு, காலித் தட்டைக் காட்டுவார். "ஜீரோ பாருங்க. நல்லாப் பாருங்க. அப்புறம் பேச்சு மாறக்கூடாது." இருபத்தெட்டு வருஷமாக இதையே சொன்னதில், பெற்றவர்கள் வைத்த பெயர் காணாமல் போய் ஜீரோ என்பதே நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. பொய் சொல்லாத எண் அது ஒன்றுதான் என்பார்.

ஒன்பது வருஷமாகச் சர்க்கரை இருந்தது. ஐம்பத்து நாலாவது வயதில் கால் வீங்கியது. சிறுநீரில் நுரை தள்ளியது, துணி துவைத்த தண்ணீர் மாதிரி. பார்க்கவே அவருக்குக் குமட்டியது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் மனைவியிடம் சொன்னார்.

சிறுநீரக டாக்டர் ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பேசுகிறவர். "ரத்தத்துல கிரியேட்டினின்னு ஒரு கழிவு இருக்கு. சிறுநீரகம் அதை வெளியே தள்ளணும். தள்ள முடியலைன்னா ரத்தத்துல ஏறும். உங்களுக்கு ஒண்ணு புள்ளி ஏழு இருக்கு. ஒண்ணை ஒட்டி இருக்கணும். இதை வச்சுக் கணக்குப் பண்ணினா உங்க சிறுநீரகம் நூத்துக்கு நாப்பத்தேழு பங்கு வேலை செய்யுது. பதினஞ்சுக்குக் கீழே போனா மெஷினைப் பத்திப் பேச வேண்டி வரும். அங்க போகாம இருக்கறதுதான் நம்ம வேலை."

அந்த மெஷின் எதுவென்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கும் வார்டில் நோயாளிகளை நிறுத்தி எடை பார்க்கும் தராசைச் சரிபார்க்க மூன்று தடவை போயிருக்கிறார். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். கையில் குத்திய தடித்த ஊசி, குழாயில் சுற்றி வரும் சொந்த ரத்தம், சாம்பல் பூத்த முகம். ஒருவர் ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தாகத்துக்குக்கூடத் தண்ணீர் குடிக்கக் கூடாத கதையைச் சொன்னார். ஜீரோ அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தார். நாற்பது கிலோ சோதனைக் கல்லை வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கு அந்த நாற்காலி என்றால் தொழில் முடிந்தது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு இரண்டு தாள் கொடுத்தார்கள். சர்க்கரைப் பிரிவில் கொடுத்த தாள் சோற்றைக் குறை, ரொட்டியைக் குறை, கிழங்கைத் தொடாதே என்றது. சிறுநீரகப் பிரிவில் கொடுத்த தாள் கறியைக் குறை, முட்டையைக் குறை, பருப்பை அளந்து போடு, உப்பைக் கிள்ளிப் போடு என்றது. இரண்டையும் உணவு ஆலோசகரிடம் காட்டி ஒன்றாக்கி வாங்கிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அந்த அறைக்கு வெளியே வரிசை வாசல்வரை நின்றது. எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள். ஜீரோ மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"சோறும் வேணாம், கறியும் வேணாம்னா மனுஷன் மண்ணையா திங்கறது?" என்று மனைவியிடம் கேட்டார். மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவர். தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னார். "அரை மணி நேரம் வரிசைல நின்னிருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாங்க."

நிற்காத அந்த அரை மணி நேரத்தில்தான் மைத்துனன் நுழைந்தான்.

மனைவியின் தம்பி அவன். முன்பு குளியலறை ஓடு விற்றவன். உடம்பில் சர்க்கரை ஏறியபோது சோறு, ரொட்டி, இனிப்பு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி, கறியும் முட்டையும் வெண்ணெயுமாகத் தின்று, மாத்திரை இல்லாமலே சர்க்கரையை இறக்கிவிட்டான். அது உண்மை. வினையே அங்குதான் ஆரம்பம். தனக்குப் பலித்தது ஊருக்கெல்லாம் பலிக்கும் என்று போனில் ஒரு குழு தொடங்கினான். பெயர் 'மாவுக்கு டாட்டா'. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாரும் அவனைக் கோச் என்றார்கள். அரைகுறை வைத்தியனுக்கு ஆள் கிடைத்தால் அவன் முழு வைத்தியன் ஆகிவிடுகிறான்.

"சர்க்கரைதான் மாமா சிறுநீரகத்தைக் கெடுக்குது," என்றான் கோச். "சர்க்கரையை நிறுத்துங்க, அது தானா சரியாகும். டாக்டருங்க இதை வாயைத் திறந்து சொல்லமாட்டாங்க."

பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஜீரோ முகர்ந்து பார்த்தே தூக்கி எறிந்திருப்பார்.

சோறு போனது. காலையில் வெண்ணெய் போட்ட காபி. மேலே எண்ணெய் வளையம் வளையமாக மிதக்கும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். பிறகு நாலு முட்டை, மத்தியானம் கறி, சாயங்காலம் கறி, ராத்திரிக்குக் கறியோடு இன்னும் நாலு முட்டை. வீட்டில் எந்நேரமும் கொழுப்பு உருகும் வாடை. ஜன்னல் திரையில், தலையணை உறையில், தைத்து அடுக்கிய சீருடைகளில் எல்லாம் அது ஏறியது. சட்டை நாறுகிறது என்று பள்ளியிலிருந்து ஒரு கட்டு திரும்பி வந்தது. மனைவி எல்லாவற்றையும் மறுபடி துவைத்துத் தேய்த்தார். வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் சர்க்கரை நிஜமாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்தில் பதினாலு கிலோ குறைந்தார். தினமும் காலையில் தன்னுடைய சோதனைத் தராசிலேயே ஏறி நின்று பார்ப்பார். எடையை இறக்கியதற்காகக் குழுவில் கை தட்டினார்கள். எலும்பில் ஒட்டிய கறியைக் கடிக்கிற படத்தை ஒவ்வொருவரும் போட்டு, கொழுப்பு வழியும் தட்டுக்கு இதயம் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்க்க ஜீரோவுக்கு உள்ளூர அசிங்கமாக இருக்கும். ஆனாலும் தன் தட்டையும் படம் பிடித்துப் போட்டார். புகழ்ச்சி வந்தால் மூக்கு மரத்துப் போகிறது. எடை குறைந்ததால் ரத்த அழுத்த மாத்திரை இனி தேவையில்லை என்று கோச் சொன்னான். அதையும் நிறுத்தினார். உப்புக்குப் பதிலாகக் குழுவில் விற்ற ஒரு பொடியைப் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போகாமல், நேரே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் எடுத்துப் பார்த்தார். கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஒன்று.

உடனே கோச்சுக்குப் போன் போட்டார். அவன் சிரித்தான். "பயப்படாதீங்க மாமா. சமைச்ச கறி சாப்பிட்டாலே கிரியேட்டினின் கொஞ்சம் கூடக் காட்டும். அது கறியோட கணக்கு, உங்க சிறுநீரகத்தோட கணக்கு இல்ல. அந்தக் கூடுதலைக் கழிச்சுட்டுப் பாருங்க."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இந்தப் பேச்சு இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போயிருக்கும். தராசு ரிப்பேர்க்காரரிடம் அப்படியே போய் உட்கார்ந்தது. அவர் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சரக்குக் கிட்டங்கியில் சொந்தக் கணக்குக்கு வைத்திருக்கிற ஒரு தராசு இருபது கிராம் கூடக் காட்டுகிறது, மாற்றுப் பாகம் வரப் பத்து நாள் ஆகும் என்றால், 'இருபது கழிக்கவும்' என்று ஒரு சீட்டு எழுதித் தராசில் ஒட்டிவிட்டு வருவார். தப்பு இவ்வளவு என்று தெரிந்துவிட்டால் தராசு கெட்டதாக அர்த்தமில்லை. ஒரு சீட்டு போதும்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். 'கறிக்கு 0.4 கழிக்கவும். 1.7.' பழைய எண்ணே வந்துவிட்டது. ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த ரிப்போர்ட் இரண்டு புள்ளி ஆறு. புள்ளி நாலைக் கழித்தால் போதவில்லை. ஜீரோ உட்கார்ந்து யோசித்தார். ஒரு நாளைக்கு மூன்று வேளை கறி. வேளைக்குப் புள்ளி மூன்று என்று வைத்தால் புள்ளி ஒன்பது. கழித்தால் ஒன்று புள்ளி ஏழு. கனகச்சிதம். அதற்கடுத்தது மூன்று புள்ளி நாலு. முட்டையை விட்டுவிட்டோமே என்று நினைவு வந்தது. எட்டு முட்டைக்கு, முட்டைக்குப் புள்ளி ஒன்றாகப் புள்ளி எட்டு. ஒன்பதும் எட்டும் பதினேழு. கழித்தால் அதே ஒன்று புள்ளி ஏழு. விடையை முதலில் எழுதிவைத்துக்கொண்டு கணக்கைப் பின்னால் போடுகிற வேலையை ஒரு கடைக்காரன் செய்திருந்தால் ஜீரோ அவன் முகத்திலேயே துப்பியிருப்பார்.

கோச்சுக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனது. கறி ஒரு வேளைக்கு 0.3, முட்டை ஒன்றுக்கு 0.1 என்று பட்டியல் போட்டு, 'இருபத்தெட்டு வருட அனுபவமுள்ள தராசு நிபுணரின் கணக்கு' என்று மேலே தலைப்பு வைத்து, கீழே ஜீரோவின் போட்டோவையும் போன் நம்பரையும் சேர்த்துக் குழுவில் போட்டான். தராசு நிபுணருக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஜீரோ அந்தப் படத்தை எடுத்து மனைவியிடம் காட்டினார். போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் வாய் கெட ஆரம்பித்திருந்தது. எதை வைத்தாலும் துருப்பிடித்த எடைக்கல்லை நக்கியது போல் ஒரு சுவை. மூச்சில் கழிப்பறை நெடி. மனைவி முதலில் போர்வையை மாற்றினார், பிறகு படுக்கையை ஜன்னல் பக்கம் மாற்றினார், பிறகு ஒரு நாள் கேட்டே விட்டார். "என்னங்க, உங்க வாய்லேருந்து மூத்திர நாத்தம் வருது. பல்லுலேருந்து வரலை. உள்ளேருந்து வருது. டாக்டர்கிட்ட போகலாம்."

அடுத்தவர் டம்ளரைத் தொடாத மனுஷனுக்கு இதைவிடக் கேவலம் என்ன வேண்டும். கூனிக் குறுகிப் போனார். ஆனால் டாக்டரிடம் போகவில்லை, கோச்சைத்தான் கேட்டார். "உடம்பு பழகுது மாமா, எல்லாருக்கும் கொஞ்ச நாள் வாய் நாறும்," என்றான் அவன். கறித்துண்டைக் கண்டாலே தொண்டை வரை வந்தது. முதல் நாள் வரை ஆசையாகத் தின்றதை இன்று பார்க்க முடியவில்லை. ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்கினார். உடம்பு வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறது, இவரோ அதன் வாயைப் பொத்திப் பொத்தித் திணிக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மார்க்கெட் கறிக்கடைக்குத் தராசு பார்க்கப் போனார். கடைக்காரர் புதியவர், கடையை வாங்கி ஒரு வருஷம்தான். தராசின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'ஐம்பது கழிக்கவும்' என்பது அடிக்கப்பட்டு நூற்றிருபது ஆகி, அதுவும் அடிக்கப்பட்டு இருநூற்றுப்பத்து ஆகியிருந்தது.

"இதை யார் எழுதினது?"

"நான்தாங்க. மாசா மாசம் கொஞ்சம் கூடக் காட்டுது. அதுக்கேத்த மாதிரி கழிச்சுடறேன். ஜனங்களை ஏமாத்தலை."

ஜீரோ தட்டைத் தூக்கினார். அடியில் பச்சையும் மஞ்சளுமாகக் கொழுப்பு புளித்துக் கிடந்தது. அதில் புழு நெளிந்தது. எடை தாங்கும் உலோகத் துண்டு அரித்துப்போய், நடுவில் விரிசல் விட்டிருந்தது. அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"அறிவு இருக்கா உங்களுக்கு? தப்பு ஒரே இடத்துல நின்னாத்தான் அதைக் கழிக்கலாம். அம்பது நூத்திருபது ஆகுது, நூத்திருபது இருநூத்திப்பத்து ஆகுதுன்னா அது தப்பு இல்லய்யா. உள்ளே செத்துக்கிட்டு இருக்கு. நீங்க என்னடான்னா ஏற ஏறச் சீட்டை மாத்தி..."

கடைக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீரோ தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். புள்ளி நாலு. புள்ளி ஒன்பது. ஒன்று புள்ளி ஏழு. பிறகு தட்டைப் போட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் ஓடிச் சாக்கடை ஓரமாகக் குந்தி வாந்தி எடுத்தார். காலையில் தின்ற நாலு முட்டையும் மஞ்சளாக வந்தது. சுற்றிலும் கறித்துணுக்குக்காக நின்ற நாய்கள் விலகிப் போயின. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். கடைக்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார், அதே கொழுப்புக் கையால். ஜீரோ மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. மனைவி தைத்ததைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பழைய ரிப்போர்ட்டுகளையும் பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். டாக்டர் ரிப்போர்ட்டுகளை வாங்கி, ஓரத்தில் இருந்த பென்சில் கணக்கையெல்லாம் படித்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. அன்றைய ரத்தத்தில் நாலு புள்ளி ஒன்று.

"கறி சாப்பிட்டா கொஞ்சம் கூடக் காட்டும்கறது உண்மைதான்," என்றார் டாக்டர். "எவ்வளவுன்னு பார்த்துடலாம். மூணு நாள் கறி, முட்டை எதுவும் வேணாம். அழுத்த மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க. இது என்ன பொடி?" உப்புக்குப் பதிலான பொடியின் டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்ததைப் படித்தார். "இது பொட்டாசியம் உப்பு. சிறுநீரகம் கெட்டவங்களுக்கு நெஞ்சையே நிறுத்திடும். இன்னும் நிக்காம இருக்கறது உங்க அதிர்ஷ்டம்."

மூன்று நாள் வார்டிலேயே இருந்தார். நாலாவது நாள் மூன்று புள்ளி ஏழு வந்தது. கறி காட்டிய பொய் வெறும் புள்ளி நாலு. முதல் தடவை எழுதினாரே, அவ்வளவேதான். மற்றதெல்லாம் அவருடையது.

"நூத்துக்குப் பதினெட்டு," என்றார் டாக்டர். "நாப்பத்தேழு இனிமே திரும்பி வராது. இருக்கறதை முடிஞ்ச வரைக்கும் இழுத்துப் பிடிப்போம். ஆனா கைல ரத்தக் குழாய்களை இணைக்கற ஆபரேஷனை இந்த மாசமே பண்ணி வச்சுக்கலாம். மெஷினுக்கு அது தேவைப்படும்."

"சோத்தைக் குறைச்சதுதான் தப்பா டாக்டர்?" என்று மனைவி கேட்டார்.

"அதை யார் சொன்னா? சோத்தை அளவாக் குறைச்சிருந்தா நானே பாராட்டியிருப்பேன். சர்க்கரை நல்லாத்தான் இறங்கியிருக்கு. அந்த இடத்துல மலையாட்டம் கறியை வச்சதும், மாத்திரையை நிறுத்தினதும், என்கிட்ட வராததும்தான் தப்பு. கோச்சுக்குச் சிறுநீரகம் நல்லா இருக்கு, தாங்குது. உங்களுக்கு ஏற்கனவே பாதிதான் இருந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும் ஜீரோ குழுவில் எல்லாவற்றையும் சொன்னார். குரலாகவே பேசி அனுப்பினார். கணக்குத் தப்பு, படத்தை நம்பாதீர்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கறியைக் கொட்டிக்கொள்ளாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அந்தக் குரல் பதிவு காணாமல் போனது. ஜீரோவும் குழுவிலிருந்து காணாமல் போனார். கோச் போன் போட்டான். "எதுக்கு மாமா எல்லாரையும் பயமுறுத்தறீங்க? உங்களுக்குச் சரியா வரலைன்னா நீங்க சரியாப் பண்ணலைன்னு அர்த்தம்."

மனைவி போனை வாங்கினார். தம்பியிடம் அவர் குரல் உயரவே இல்லை. "உன்னைத் தூக்கி வளர்த்தவ நான். இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே. உன் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கொழுப்பு வாடை வருது." வைத்துவிட்டுப் போய்ச் சமையலறைச் சுவரைச் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் போன் அடித்தது. தெரியாத எண். பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு பெண். பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறாள், பின்னால் இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. கோச்சின் குழுவில் அவள் இல்லை. யாரோ யாருக்கோ அனுப்பி, அந்தப் படம் அவள் கைக்கு வந்திருக்கிறது.

"நீங்கதானே அண்ணா அந்தத் தராசுக்காரர்? ஒரு சின்னச் சந்தேகம். எனக்கு மூணு புள்ளி ஒண்ணு வந்திருக்கு. மூணு வேளை கறிக்குப் புள்ளி ஒன்பது, ஆறு முட்டைக்குப் புள்ளி ஆறு. கழிச்சா ஒண்ணு புள்ளி ஆறு வருது. போன தடவையும் இதேதான் வந்துச்சு. அதனால டாக்டர்கிட்ட போகலை. சரியாப் போட்டிருக்கேனா அண்ணா?"

கூட்டல் சரி. கழித்தலும் சரி. அதில் ஒரு பிசகும் இல்லை. ஜீரோவின் வாயில் அந்தத் துருச் சுவை மறுபடியும் ஊறியது. துப்பப் போனவர் துப்பாமல் விழுங்கினார்.

"எதையும் கழிக்காதீங்கம்மா."

"அப்போ எனக்கு எவ்வளவு அண்ணா?"

"மூணு புள்ளி ஒண்ணு. பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான். வண்டியை நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

மறுமுனையில் இஞ்சின் அணைந்தது.

"நீங்கதானே அண்ணா இந்தக் கணக்கைப் போட்டீங்க?"

"ஆமாம்மா," என்றார். "நான்தான் போட்டேன்."